அலபாமா பாணி மொறுமொறு வெண்டைக்காய்: மேல்மாவு ஏன் உதிர்கிறது?

ஹன்ட்ஸ்வில் வாசி

எல்லோருக்கும் வணக்கம். அலபாமாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அலுவலகத்துக்குப் பக்கத்தில் 'மீட் அண்ட் த்ரீ' கடை ஒன்று இருக்கிறது. ஒரு கறி, மூன்று காய் என்று தட்டில் வைத்துத் தருவார்கள். கறி வேண்டாம் என்றால் நான்கு காயாகவே வாங்கிக்கொள்ளலாம். (அந்தக் காய்ப் பட்டியலில் மக்ரோனி சீஸும் இருக்கிறது. அது எந்தக் கொடியில் காய்க்கிறது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.)

அங்கே பொரித்த வெண்டைக்காய் சாப்பிட்டதிலிருந்து வேறு எதுவும் பிடிக்கவில்லை. மேலே மணல் மணலாக மொறுமொறுப்பு, உள்ளே பச்சை நிறம் மாறாமல் மெத்தென்று காய். வீட்டில் மூன்று முறை செய்து பார்த்தேன், மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன. முதல் முறை மாவெல்லாம் எண்ணெயில் தங்கிவிட்டது, காய் மட்டும் அம்மணமாக மேலே வந்தது. இரண்டாவது முறை ஒரே நிமிடத்தில் கறுத்துவிட்டது, கடித்தால் உள்ளே வேகவே இல்லை. மூன்றாவது முறை வாணலியிலிருந்து எடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது, மேசைக்கு வருவதற்குள் சொதசொத.

செய்த விதம்: காயை நறுக்கிக் கழுவி, பட்டர்மில்க் என்ற கெட்டிப் புளிமோரில் போட்டு, கடையில் வாங்கிய மஞ்சள் சோள மாவில் புரட்டி, கடலை எண்ணெயில் பொரித்தேன். எங்கே தவறு?

சும்மா படிப்பவன்

வெண்டைக்காய் பக்கோடாவுக்கு விசா எடுத்துக்கொண்டு அலபாமா போக வேண்டுமா?

மிளகுரசம்

நான் அட்லாண்டா பக்கம், இங்கே வந்து 19 வருடம். பக்கோடாவும் இதுவும் ஒன்றில்லை. பக்கோடாவில் மாவு காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு உருண்டையாகும். இதில் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உதிர வேண்டும், மாவு ஒரு தூசிப் படலம் போலத்தான் ஒட்டியிருக்க வேண்டும்.

தம்பி, "நறுக்கிக் கழுவி" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததுமே கையை உதறிவிட்டேன். வெண்டைக்காயை நறுக்கிய பிறகு கழுவலாமா? ஊரில் அம்மா சொல்லித் தரவில்லையா? முழுக் காயைக் கழுவி, துணியில் ஒற்றி, காற்றாட வைத்து, அதற்குப் பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். முதல் முறை உதிர்ந்ததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம். மாவுக்கு அடியில் நிற்கும் தண்ணீர் சூடான எண்ணெயில் ஆவியாகும்போது மேலே இருக்கிற மாவைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வரும்.

இரண்டாவது முறைக்கு ஒரு கேள்வி. அந்தச் சோள மாவு டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே எழுதுங்கள்.

ஹன்ட்ஸ்வில் வாசி

அக்கா, டப்பாவைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "கார்ன் மஃபின் மிக்ஸ்".

மிளகுரசம்

நினைத்தேன். அது கேக் மாவு தம்பி! சர்க்கரை, மைதா, பேக்கிங் பவுடர் எல்லாம் கலந்திருக்கும். சர்க்கரை இருந்தால் எண்ணெயில் சீக்கிரம் கறுக்காமல் என்ன செய்யும்?

வாங்க வேண்டியது வெறும் கார்ன்மீல். மக்காச்சோளத்தைக் காயவைத்து ரவை போல உடைத்தது. மஞ்சளும் உண்டு, வெள்ளையும் உண்டு. இங்கே பழைய ஆட்கள் பலருக்கு வெள்ளைதான் உசத்தி, பொரிப்பதற்கு எனக்கு இரண்டும் ஒன்றுதான். 'செல்ஃப் ரைசிங்' என்று போட்டிருந்தால் அதில் உப்பும் பேக்கிங் பவுடரும் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதிலும் செய்யலாம், உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோ பகுதி அலமாரியில் இருக்கும் மாசா மாவு வேண்டாம். அது சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்தது, வாசனையே வேறு, இந்த மணல் கடியும் வராது.

என் அளவு: அரைக் கிலோ வெண்டைக்காய், அரை அங்குலத் துண்டுகள். ஒரு கப் பட்டர்மில்க். ஒரு கப் கார்ன்மீல், கால் கப் மைதா, ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மிளகுத் தூள், அரை டீஸ்பூன் கெயன் மிளகாய்த் தூள். நம் மிளகாய்த் தூளும் போடலாம், ஆனால் கை நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பதார்த்தத்தில் முதலில் சோளம் மணக்க வேண்டும், காரம் பின்னால்தான் வர வேண்டும்.

பழைய வாணலி

டென்னசியிலிருந்து எழுதுகிறேன். மிளகுரசம் அக்கா சொன்னது கடைப் பாணி. வீட்டுப் பாணி ஒன்று இருக்கிறது, அதில் பட்டர்மில்க்கே கிடையாது.

நான் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி, எண்பது வயதிருக்கும், தோட்டத்தில் பறித்த வெண்டைக்காயை என் கண் முன்னால் செய்து காட்டினார். நறுக்கினார், உப்புப் போட்டார், ஒரு கிண்ணத்தில் அப்படியே வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் கழித்து வந்து கிளறினால் நூல் நூலாகக் கொழகொழவென்று இழுக்கிறது. எனக்கு முகம் சுளித்தது. நம் வீடுகளில் இந்தக் கொழகொழப்பைப் போக்கத்தானே தயிரும் புளியும் விட்டு, கிளறாமல் வதக்கி, இத்தனை பாடு படுகிறோம்? பாட்டி அதன் மேலேயே கார்ன்மீலைத் தூவிக் கையால் புரட்டினார். ஒரு துளி தண்ணீரில்லை, மோரில்லை, முட்டையில்லை. அத்தனையும் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாம் எதைத் துரத்துகிறோமோ அதைத்தான் இவர்கள் பசையாக வைத்துக்கொள்கிறார்கள்.

பிறகு வார்ப்பிரும்புச் சட்டியில் அரை அங்குல எண்ணெய், ஒரே அடுக்காகக் காய், மெதுவாகத் திருப்பிவிட்டு கால் மணி நேரம். கடை வெண்டைக்காய் போல முழுக்கக் கவசம் போட்டிருக்காது. அங்கங்கே பச்சை தெரியும், சில துண்டுகள் கருகல் ஓரத்தோடு இருக்கும். அந்தக் கருகலுக்காகத்தான் நான் இதைச் செய்வது.

மிளகுரசம்

அரை அங்குல எண்ணெயில் கால் மணி நேரம் என்றால் அது வதக்கல், பொரிப்பு இல்லை. தம்பி கேட்டது கடை மொறுமொறுப்பு.

பழைய வாணலி

வதக்கல் என்றே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுப் பேசுவோம்.

மிளகுரசம்

சரி, ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். பட்டர்மில்க்கில் போட்டாலும் பத்து நிமிடம் ஊறவிட்டால்தான் மாவு நன்றாகப் பிடிக்கிறது, போட்டவுடன் எடுத்தால் பிடிப்பதில்லை. பட்டர்மில்க்கின் கெட்டித்தனம்தான் காரணம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்தப் பத்து நிமிடத்தில் காயின் கொழகொழப்பும் இறங்கி அதோடு சேர்ந்துகொள்கிறது போலிருக்கிறது. பட்டர்மில்க்கின் புளிப்பு அதைக் கொஞ்சம் அடக்கவும் செய்யும், முழுக்கப் போக்காது. நூல் இழுக்காது, ஆனால் ஒட்டும்.

ஊறியதும் ஜல்லிக்கரண்டியால் அள்ளி, வடியவிட்டு, மாவில் போடுங்கள். புரட்டியதைச் சல்லடையில் போட்டு ஆட்டி, ஒட்டாத மாவை உதறுங்கள். பிறகு தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். உலர்ந்த மாவு ஈரத்தைக் குடித்துக் காயோடு ஒன்றிப்போகும். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஹன்ட்ஸ்வில் வாசி

இரண்டு பேருக்கும் நன்றி. மூன்றாவது முறை மேசைக்கு வருவதற்குள் சொதசொதத்ததே, அதற்கு என்ன காரணம்? எண்ணெய் நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. அரைக் கிலோவையும் ஒரே ஈடாகப் போட்டேன், எடுத்து பேப்பர் டவலில் குவித்து வைத்தேன்.

பழைய வாணலி

கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

அரைக் கிலோ குளிர்ந்த ஈரக் காயை ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெயின் சூடு சரிந்துவிடும். பொரிப்பதில் நடப்பது இவ்வளவுதான்: காயின் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகி வெளியே பாய்கிறது. அது பாயும்வரை எண்ணெய் உள்ளே நுழைவது கஷ்டம். நாம் பார்க்கும் குமிழியெல்லாம் அந்த ஆவிதான். சூடு இறங்கினால் குமிழி தளரும், மேல்மாவு காய்ந்து இறுகுவதற்குள் ஊறிப்போய் எண்ணெய் குடிக்கும். எண்ணெய் 350லிருந்து 375 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் நிற்க வேண்டும், செல்சியஸில் சுமார் 175 முதல் 190. தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சிட்டிகை கார்ன்மீலைப் போடுங்கள். உடனே சலசலவென்று பொரிந்து மேலே வர வேண்டும். அடியில் போய் உட்கார்ந்தால் இன்னும் காயவில்லை, விழுந்ததும் கறுத்தால் மிஞ்சிவிட்டது.

கனமான வார்ப்பிரும்புச் சட்டி சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மெல்லிய பாத்திரம் வைக்காது. இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் 'லாட்ஜ்' கம்பெனிச் சட்டி எங்கள் மாநிலத்தில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில் வார்க்கப்படுவது, 1896லிருந்து அங்கே அந்தப் பட்டறை இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் கிழக்கே போனால் வந்துவிடும் என்று நினைக்கிறேன். அங்கே கார்ன்பிரெட்டுக்கென்றே ஒரு திருவிழாவும் நடத்துகிறார்கள்.

மிளகுரசம்

சட்டியின் வரலாறு போதும், தம்பி பசியோடு இருக்கிறார். மூன்று நான்கு ஈடாகப் போடுங்கள். போட்டதும் ஒரு நிமிடம் கரண்டியால் தொடாதீர்கள், மாவு இறுகும் முன் கிளறினால் உரிந்துவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் பொன்னிறம் வந்து குமிழி குறையும், அப்போது எடுங்கள். ஈட்டுக்கு ஈடு அடியில் தங்கும் தூளை அரித்தெடுக்காவிட்டால் அது கருகி அடுத்த ஈட்டைக் கசக்க வைக்கும்.

குவிக்காதீர்கள். கேக் ஆறவைக்கும் கம்பித் தட்டில் பரப்புங்கள். பேப்பரில் குவித்தால் அதனதன் ஆவியிலேயே வெந்து நமத்துவிடும். எல்லா ஈடும் முடியும்வரை 200 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் கம்பித் தட்டோடு வைக்கலாம். உப்பு கடைசியில் ஒரு தூவல், சூடு இருக்கும்போதே.

சைவப்பூனை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கடையில் சாப்பிடும் சைவக்காரர்கள் ஒரு தடவையாவது கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் வெண்டைக்காயைப் பொரிக்கும் அதே எண்ணெயில்தான் கெளுத்தி மீனும் கோழியும் பொரிகின்றன. பழைய முறையில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பவர்களும் உண்டு. நான் ஒரு வருடம் கேட்காமலே சாப்பிட்டேன். ஒரு நாள் என் வெண்டைக்காய்த் தட்டில் சிறிய மீன் துண்டு ஒன்று மொறுமொறுவென்று படுத்திருந்தது. பரிமாறிய அம்மா சிரித்துக்கொண்டே, "அது இலவசம் கண்ணு" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில்தான். வெண்டைக்காய்க்கு முட்டை தேவையில்லை என்பது எவ்வளவு நிம்மதி! கழுத்து வளைந்த மஞ்சள் ஸ்குவாஷ் என்ற பூசணி வகைக் காயையும் இதே மாதிரி வட்டமாக நறுக்கிச் செய்கிறேன். அதில் கொழகொழப்பு இல்லாததால் மாவு ஒட்டப் பட்டர்மில்க் கட்டாயம் வேண்டும்.

ஹன்ட்ஸ்வில் வாசி

பச்சைத் தக்காளியையும் இதே முறையில் செய்யலாமா? அதுதானே தென்மாநிலங்களின் அடையாளம் என்கிறார்கள்.

பழைய வாணலி

அடையாளம் ஆனது சமீபத்தில்தான். பொரித்த பச்சைத் தக்காளியின் பழைய செய்முறைகள் வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்களின் பத்திரிகைகளில்தான் அதிகம் தென்படுகின்றன. பனி விழுவதற்குள் பழுக்காமல் நின்ற காயை வீணாக்காமலிருக்க அங்கே கண்டுபிடித்த வழி போலிருக்கிறது. 1991இல் அதன் பெயரையே வைத்துக்கொண்டு, அலபாமாவில் நடக்கும் கதையாக ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அதற்குப் பிறகு தெற்கில் இது இல்லாத உணவகப் பட்டியலே இல்லை என்றாகிவிட்டது.

வெண்டைக்காய்தான் உண்மையான பழைய ஆள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு வந்த காய் அது. அதன் ஆங்கிலப் பெயரான ஓக்ரா என்ற சொல்லை மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழியிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள், லூசியானாவின் கம்போ என்ற குழம்புக்குப் பெயர் கொடுத்ததும் வெண்டைக்காயைக் குறிக்கும் இன்னொரு ஆப்பிரிக்கச் சொல்தான். 1824இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த மேரி ராண்டால்ஃப் வெளியிட்ட சமையல் புத்தகத்திலேயே வெண்டைக்காய் இருக்கிறது. இளம் காயை வேகவைத்து, உருக்கிய வெண்ணெயோடு தரச் சொல்கிறார். கார்ன்மீலோ இந்த மண்ணின் பூர்வகுடிகள் பயிரிட்ட சோளத்திலிருந்து வந்தது. ஒரு கரண்டிக்குள் இவ்வளவு கதை. கடைக்காரர் 'சதர்ன்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்.

மிளகுரசம்

பச்சைத் தக்காளிக்கு முறை கொஞ்சம் வேறு. பழுக்காத, கல் மாதிரி இருக்கும் சாதாரணத் தக்காளிதான் வேண்டும். பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் ரகம் உண்டு, அதை வாங்கிவிடாதீர்கள். தோல் உறை போட்ட டோமட்டியோ என்ற மெக்சிகோ காயும் இதுவல்ல. கால் அங்குலத்துக்குச் சற்றே கனமான வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும். துணியில் நன்றாக ஒற்றி எடுங்கள். இங்கே பசை கிடையாது, வழுக்கும் தோலும் தண்ணீரும்தான், அதனால் மூன்று படி: முதலில் மைதா, அடுத்து முட்டை கலந்த பட்டர்மில்க், கடைசியில் கார்ன்மீல். முட்டை வேண்டாதவர்கள் பட்டர்மில்க்கில் ஒரு கரண்டி மைதாவைக் கரைத்துக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். கரண்டியால் புரட்டாமல் இடுக்கியால் ஒரே ஒரு முறை திருப்புங்கள்.

தொட்டுக்கொள்ள மயோனைஸ், கெச்சப், மிளகாய் சாஸ், பூண்டு, எலுமிச்சை எல்லாம் கலந்த 'கம்பேக் சாஸ்' நன்றாக இருக்கும். மிசிசிப்பியில் ஜாக்சன் நகரத்துக் கிரேக்க உணவகங்களில் பிறந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் இன்றுவரை புதினாத் துவையல்தான் கேட்கிறார். கொடுத்துவிடுகிறேன், நன்றாகவே இருக்கிறது.

சைவப்பூனை

ஊறுகாயை விட்டுவிட்டீர்களே! வெள்ளரிக்காய் டில் ஊறுகாய் வில்லைகளைப் பொரிப்பது ஆர்கன்சாவில் அட்கின்ஸ் என்ற ஊரில் 1963இல் ஒரு டிரைவ் இன் கடையில் பிரபலமானது. ஊறுகாய் ஆலை இருந்த ஊர் அது. அதையும் நன்றாக ஒற்றியெடுத்த பிறகே மாவில் போட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் வெடித்துக் கையைப் பதம் பார்க்கும். அனுபவம்.

கோவை கரண்டி

கோயம்புத்தூரிலிருந்து படிக்கிறேன். மகள் வீட்டுக்கு ஷார்லட் போயிருந்தபோது இதைச் சாப்பிட்டேன். இங்கே வந்து 'கார்ன்ஃப்ளார்' வாங்கிச் செய்தால் வெள்ளை வெளேரென்று, கோபி மஞ்சூரியன் மாதிரி வருகிறது.

மிளகுரசம்

அண்ணா, நம் ஊரில் கார்ன்ஃப்ளார் என்று விற்பது சோளத்தின் வெறும் ஸ்டார்ச். இது முழுச் சோளத்தை உடைத்த ரவை. மக்காச்சோள ரவை கிடைத்தால் மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விடுங்கள். வடநாட்டு ரொட்டிக்கு விற்கும் மக்காச்சோள மாவு மட்டும்தான் கிடைக்கிறது என்றால் அது மிக நைசாக இருக்கும், முக்கால் கப்புக்குக் கால் கப் அரிசி ரவை சேர்த்தால் மணல் கடி வரும். பட்டர்மில்க் என்றால் நம் நீர்மோர் இல்லை. புளித்த தயிரை இரண்டு கரண்டித் தண்ணீரில் அடித்து, தோசை மாவுப் பதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைக்கும் பிஞ்சு வெண்டைக்காய்க்கு நாங்கள் இங்கே ஏங்குகிறோம், அதனால் காய் விஷயத்தில் நீங்கள் எங்களைவிட ஒரு படி மேல்.

சும்மா படிப்பவன்

ஏர் ஃப்ரையர் இருக்கிறதே, இந்த எண்ணெய்ப் பஞ்சாயத்தெல்லாம் எதற்கு?

பழைய வாணலி

முயற்சி செய்தேன். எண்ணெய் படாத இடத்தில் கார்ன்மீல் பச்சை மாவாகவே நிற்கும், வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும். மாவில் புரட்டிய பிறகு எண்ணெயைத் தாராளமாகத் தெளித்து, 400 ஃபாரன்ஹீட்டில் வைத்து, பாதியில் மறுபடி தெளித்தால் பரவாயில்லை. "பரவாயில்லை" என்றுதான் சொன்னேன்.

ஹன்ட்ஸ்வில் வாசி

நேற்று செய்தேன். அரைக் கிலோவை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி அக்கா முறை, மறு பாதி பாட்டி முறை.

அக்கா முறையில் ஒரு துண்டிலிருந்தும் மாவு உதிரவில்லை. நான்கு ஈடாகப் போட்டேன், கம்பித் தட்டில் இருபது நிமிடம் இருந்தும் கடித்தால் சத்தம் கேட்டது. கடையில் சாப்பிட்ட அதே பதம்.

பாட்டி முறைக்கு உப்புப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இப்படிக் கொழகொழவென்று இருக்கிறதே, கொஞ்சம் தயிர் விட்டு வதக்கட்டுமா?" என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பிடுங்கி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. செய்து முடித்ததும் இரண்டு தட்டையும் வைத்தேன். அம்மா கருகல் ஓரம் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், ரசம் சாதத்துக்கு.

பழைய வாணலி

அம்மாவுக்கு என் வணக்கம். அக்கா, பார்த்தீர்களா?

மிளகுரசம்

பார்த்தேன், பார்த்தேன். இந்த சனிக்கிழமை உழவர் சந்தையில் வெண்டைக்காய் வந்திருந்தால் அந்த வதக்கலையும் ஒரு தடவை செய்கிறேன்.